காட்டை எரித்து விதைப்பதில் எங்கே தப்பு நடக்கிறது?

காட்டை வெட்டி, காயவிட்டு, கொளுத்தி, அந்தச் சாம்பலில் விதைப்பது, ஓரிரு வருடம் விளைச்சல் எடுத்ததும் இடத்தைத் திரும்பக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறு இடம் போவது. வடகிழக்கு இந்தியாவில் இதை ஜூம் என்பார்கள், இலங்கையில் சேனை. கேட்க எளிதாக இருப்பதால் தீ வைப்பதுதான் முக்கியமான வேலை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், தப்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் நாள் கணக்கு. மழைக்குப் பல வாரம் முன்பே வெட்டிப் போட வேண்டும், கொளுத்துவது மழை நெருங்கும்போது. பச்சையாகக் கொளுத்தினால் இலை மட்டும் எரிந்து கட்டைகள் கரிப்பிடித்துக் கிடக்கும். ரொம்ப முன்னாடியே எரித்தால் சாம்பலைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். சரிவில் கீழிருந்து பற்றவைப்பது ஆபத்து, தீ மேலே பாய்ந்து ஓடும். சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டாமல் தீப்பெட்டியையே எடுக்காதீர்கள்.

அப்புறம், சாம்பலே முழு உரம் என்ற நம்பிக்கை. பொட்டாசியத்துக்குத் தமிழில் சாம்பல்சத்து என்றே பேர், சுண்ணாம்பும் மணிச்சத்தும்கூட (பாஸ்பரஸ்) அதில் உண்டு, மண்ணின் புளிப்பும் குறையும், சரி. ஆனால் எரிந்ததில் இருந்த தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிற பயறு வகைகளைக் கலந்து விதைப்பது அதனால்தான்.

அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து நிலத்தைச் 'சுத்தம்' செய்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். முழங்கால் உயரத்துக்கு விட்டு வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கட்டையும் துளிர்த்துவிடும், நாளைக்கு அதுதான் காடு. உழவும் வேண்டாம், கூர்க்குச்சியால் குத்தி விதை போட்டால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, விட்டுவிட்டுப் போன நிலத்தைச் சும்மா கிடக்கிற நிலமாக நினைப்பது. பத்து, இருபது வருடத் தரிசில்தான் மண்ணுக்குச் சத்து ஏறுகிறது. நிழல் விழுந்தால்தான் களையும் சாகும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் நிலத்தை விட்டுப் போக வைப்பது பல இடங்களில் மண்ணின் சோர்வைவிடக் களையெடுக்கிற வேலைதான். நான்கைந்து வருடத்திலேயே திரும்ப எரித்தால் மரத்துக்கு வளர நேரம் இருக்காது, தரைக்கடியில் கிழங்கு விட்டுப் பரவுகிற முரட்டுப் புல் நிலத்தையே பிடித்துக்கொள்ளும், எவ்வளவு எரித்தாலும் அது மறுபடி முளைக்கும்.

நாகாலாந்தின் கொனோமா கிராமத்திலோ சில வருடத் தரிசிலேயே சமாளிக்கிறார்கள். அங்கே நிலத்தில் நிற்பது ஆல்டர் மரம், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கிற ஜாதி. விதைக்கும்போது அதன் தலையை மட்டும் கழித்துவிடுகிறார்கள், மரம் அப்படியே நிற்கிறது.