ஊருக்குப் போகுமுன் 730 நாளை எண்ணுங்கள்

ஆறு மாதம் என்று சொல்லித்தான் மாமி 2025 ஜனவரியில் யாழ்ப்பாணம் போனார். கிணறு இறைத்து, வேலி அடைத்து, வீட்டுக்கு வெள்ளை அடித்து முடிவதற்குள் வருடம் ஒன்று ஆகப்போகிறது. மார்கழியில் போன் எடுத்தபோது, சித்திரை வருடப்பிறப்புக்கு நின்றுவிட்டு ஜூனில் வருவதாகச் சொன்னார். "கார்ட் இன்னும் ரெண்டு வருசம் கிடக்குத்தானே?" என்றும் கேட்டார், கனடாவின் நிரந்தர வதிவுரிமை (பி.ஆர்.) கார்டைத்தான் சொன்னார். இதே கேள்வியை இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

கார்டில் உள்ள தேதி வேறு, வதிவிடக் கணக்கு வேறு. கனடாவின் குடிவரவுச் சட்டம் 28ஆம் பிரிவின்படி, பி.ஆர். நிலைக்க ஐந்து ஆண்டுக்குள் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். விட்டு விட்டு இருந்தாலும் சரி. வந்திறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் கணக்கில் சேரும். ஆனால் அந்த ஐந்து ஆண்டை கார்ட் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. அதிகாரி உங்கள் கணக்கைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பி.ஆர். கிடைத்து இன்னும் ஐந்து ஆண்டு ஆகாதவர் என்றால், மிச்சமுள்ள காலத்தில் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள்.

மாமியின் கணக்கையே சொல்கிறேன். 2022 ஜனவரி 10 வரை கனடாவில்தான் இருந்தார். பிறகு 2023 மே 5 முதல் நவம்பர் 20 வரை 200 நாள். 2024 ஜூன் 3 முதல் 2025 ஜனவரி 15 வரை 227 நாள். அவர் 2026 ஜூன் 1இல் வந்து இறங்கினால் 2021 ஜூன் 1 வரைதான் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அதில் முதல் துண்டுக்கு 224 நாள்தான் கிடைக்கும், மொத்தம் 651. 79 நாள் குறைகிறது. அதே மாமி பெப்ரவரி 1இல் வந்தால் 2021 பெப்ரவரி முதல் மே வரையான 120 நாளும் உள்ளே வரும், மொத்தம் 771. நான்கு மாதம் ஊரில் கூட நின்றால் பி.ஆருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. குறைந்த கணக்கோடு ஜூனில் வந்து, விமான நிலையத்தில் யாரும் கேள்வி கேட்காமல் விட்டாலும், ஒரு நாள் கூடும்போது பழைய நாள் ஒன்று பின்னால் உதிர்ந்துகொண்டே இருக்கும். மாமியின் கணக்கு ஏழு மாதத்துக்கு மேல் 651இலேயே நிற்கும். 2027 ஜனவரி நடுவில்தான் ஏறத் தொடங்கும், 730ஐத் தொட மார்ச் முடிந்துவிடும். அதுவரை நாட்டை விட்டு அசையக்கூடாது, கார்டைப் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கக்கூடாது. விண்ணப்பித்தால் கணக்கை நீங்களே எடுத்து நீட்டியது போல ஆகும்.

"மகன் சிற்றிசன்தானே, அவன் என்னோட ஊரில நிண்ட மாதம் சேராதோ?" என்று மாமி கேட்டார். சேராது. கணவனோ மனைவியோ கனடியக் குடியுரிமை உள்ளவராக இருந்து அவரோடு வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்கள் சேரும். சிறு பிள்ளை குடியுரிமை உள்ள தாய் தகப்பனோடு இருந்தாலும் சேரும். வளர்ந்த மகனோடு தாய் இருந்தது சேராது. கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்காக வெளியே அனுப்பிய காலமும் சேரும். ஆனால் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு.

ஒரு கொப்பி வாங்கி, போன தேதி, வந்த தேதி என்று இரண்டு நிரலில் எழுதுங்கள். போர்டிங் பாஸை ஒட்டி வைத்தால் மட்டும் போதாது. அந்த மை சில மாதத்தில் வெளிறிப்போகும், மாமியின் 2023ஆம் ஆண்டு போர்டிங் பாஸில் இன்று ஒரு எழுத்தும் தெரியவில்லை. கையில் கிடைத்த அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். பழைய கடவுச்சீட்டை எறியாதீர்கள்.

ஊரில் இருக்கும்போது கார்ட் முடிந்துவிட்டதா? பதறவேண்டாம், கார்ட் முடிவதால் பி.ஆர். போய்விடாது. ஆனால் செல்லுபடியாகும் கார்ட் இல்லாமல் கட்டுநாயக்கவில் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அதற்கு நிரந்தர வதிவாளர் பயணப் பத்திரம் எடுக்கவேண்டும், கட்டணம் 50 டொலர். நாள் குறைவாக இருந்தால் காரணத்தை அதிலேயே எழுதுங்கள்: தாயின் நோய், சத்திரசிகிச்சை, பிள்ளையின் நிலைமை. வைத்தியசாலைக் காகிதம், மருத்துவர் கடிதம் எல்லாவற்றையும் தேதியோடு இணையுங்கள். மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்கும்படி சட்டமே சொல்கிறது. மறுத்தால் மேன்முறையீடு செய்ய 60 நாள் உண்டு; கனடாவுக்குள் வெளியேற்ற உத்தரவு தந்தால் 30 நாள்தான். பி.ஆரைத் தானாகவே விட்டுவிடும் படிவம் ஒன்றும் இருக்கிறது. யார் நீட்டினாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் கையெழுத்துப் போடவேண்டாம்.

வயதானவர்கள் மருத்துவக் காப்பையும் பார்க்கவேண்டும். ஒன்ராறியோவில் மாகாண மருத்துவக் காப்பான ஓஹிப் தொடர, எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்தில் இருக்கவேண்டும். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு அரசு தரும் வருமானக் குறைநிரப்பு (GIS) எடுப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அந்தப் பணமும் நின்றுவிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்து மாமிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று இரவே கூப்பிட்டு, ரிக்கெற்றை ஜனவரி கடைசிக்கு மாற்றித் தரச் சொன்னார்.