புது ராக் ஆல்பத்துக்கு எத்தனை நட்சத்திரம்? விமர்சனம் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு ராக் இசைக்குழுவின் புது ஆல்பம் வந்த கையோடு விமர்சனங்களும் வந்து குவிந்துவிடும். அவற்றைப் படித்து ஆல்பத்தை எடைபோடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் வாரத்துப் பேச்சை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வது. இதற்கு பிரிட்டிஷ் ராக் குழுவான ஒயாசிஸின் 'பி ஹியர் நவ்' ஆல்பத்தை விட நல்ல சாட்சி கிடையாது.

1997 ஆகஸ்ட் 21 அன்று பிரிட்டனில் வெளியான அது, முதல் நாளிலேயே 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. 'க்யூ' இசை இதழ் 5க்கு 5 நட்சத்திரம் கொடுத்தது. கொஞ்ச காலத்திலேயே பேச்சு மாறிவிட்டது. பாட்டுகள் இழுவை, கிட்டார் மேல் கிட்டார் அடுக்கிய இரைச்சல் என்றார்கள். பாடல்களை எழுதிய நோயல் கேலகரே பிற்பாடு அதைத் திட்டினார். (பாடகரான தம்பி லியாம் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் தம்பி விவகாரம், நாம் தலையிட வேண்டாம்.) 71 நிமிட ஆல்பம் அது. வெளியான நாளிலும் அதே 71 நிமிடம்தானே? அன்றைக்கு ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? 1995இல் இதே குழுவின் முந்தைய ஆல்பத்துக்கு விமர்சகர்கள் பலர் சுமாரான வரவேற்புதான் கொடுத்தார்கள். அதுவோ பிரிட்டனில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றாகிவிட்டது. இந்த முறையும் கோட்டை விட்டுவிடக் கூடாதே என்ற பயம் 1997இன் புகழ்ச்சியில் நன்றாகவே தெரிகிறது. பாராட்டு மழையைப் பார்த்தால், முந்தைய ஆல்பத்துக்கு என்ன எழுதினார்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அடுத்து, மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள் பல விமர்சனங்களைத் திரட்டி 100க்குப் போடும் சராசரி மதிப்பெண். 70 என்று பார்த்ததும் 'சுமார்' என்று நகர்ந்துவிடுகிறோம். எல்லோரும் 70 போட்டாலும் 70தான். பாதிப்பேர் 100, மீதிப்பேர் 40 போட்டாலும் 70தான். ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' 2000இல் வந்தபோது பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் 10க்கு 10 கொடுத்தது; பிரிட்டனின் மெலடி மேக்கர் இதழ் 5க்கு 1.5 போட்டது. கிட்டாரைப் பெரும்பாலும் ஓரங்கட்டி மின்னணு ஒலிக்குத் தாவிய ஆல்பம் அது, இப்படிப் பிளவு வரத்தான் செய்யும். போதாக்குறைக்கு மெட்டாகிரிட்டிக்கின் எண் வெறும் சராசரியும் அல்ல. சில இதழ்களுக்கு அங்கே எடை அதிகம். மதிப்பெண் இல்லாத விமர்சனத்துக்கு அங்குள்ளவர்களே படித்துப் பார்த்து ஓர் எண் போடுகிறார்கள். அதிகம் புகழ்ந்த ஒன்று, அதிகம் திட்டிய ஒன்று, இரண்டையும் முழுசாகப் படியுங்கள். எண் எதற்கு?

யார் சொன்னது என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. வீசர் குழுவின் 'பிங்கர்டன்' 1996இன் மோசமான ஆல்பங்களில் ஒன்று என்று ரோலிங் ஸ்டோன் இதழ் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அது வாசகர் வாக்கெடுப்பு. அந்த இதழின் விமர்சகர் அப்படித் தள்ளிவிடவில்லை. 2004இல் அதே இதழ் அதற்கு 5 நட்சத்திரமே கொடுத்தது.

அப்புறம், 'சவுண்ட் சரியில்லை' என்ற புகார். மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெடிக்' 2008இல் வந்தபோது விமர்சகர்கள் பலர் பாடல்களைப் பாராட்டினார்கள். ஆனால் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி ஒலியை நசுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் வந்த அதே பாடல்கள் தெளிவாக ஒலித்ததுதான் வேடிக்கை. ஒலிகளை மறுபடி கலந்து (மிக்ஸ்) சரிசெய்யச் சொல்லி மனுவே போட்டார்கள். அந்தக் கோபத்தைப் படித்துவிட்டுப் பாடல்களே மோசம் என்று ஒதுக்கியவர்களுக்குத்தான் நஷ்டம்.