முதல் சனிக்கிழமைக் கூட்டம்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடுவதற்கு ஒரு வழிமுறை

மன்னார்குடியில் நடக்கும் எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, பதிவு எண் கிடையாது, பேனர் கிடையாது. 2016இல் ஆறு பேராகத் தொடங்கினோம். இப்போது மாதம் முப்பத்தைந்து, நாற்பது பேர் வருகிறார்கள். "எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும் டீச்சர், எப்படிச் செய்யறது?" என்று நீடாமங்கலத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள். எழுத்தில் கொஞ்சம் அதட்டல் தெரிந்தால் அது தொழில் பழக்கம்.

முதலில் இடம். மண்டபம் வேண்டாம். மண்டபம் என்றால் மேடை இருக்கும், மேடை இருந்தால் மைக் வரும், மைக் வந்தால் தலைவர், பொருளாளர், பொன்னாடை எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். படி ஏறாத இடமா, கழிப்பறை இருக்கிறதா, பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரமா என்று மட்டும் பாருங்கள். நடுவில் சொன்னதை ஆண்கள் மறந்துவிடுவார்கள். எங்கள் முதல் நாலு கூட்டம் ஹரித்ராநதித் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது. காற்று அருமை. ஆனால் டீச்சர்கள் யாரும் அரை மணிக்கு மேல் உட்காரவில்லை. "பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். காரணத்தை நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விளங்கியது. இப்போது ஒரு பழைய நெல் மண்டியின் முன்கூடத்தில் கூடுகிறோம். உரிமையாளர் எங்கள் கணக்கு சாரிடம் படித்தவர். வாடகை கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நாள் குறிக்கும்போது பென்ஷன் கணக்கில் ஏறிய பிறகு வருகிற முதல் சனிக்கிழமையாக வையுங்கள். கையில் அந்த மாதப் பாஸ்புக் வரவு இருக்கும், என்ன குறைந்தது, என்ன கூடியது என்று பேசலாம். முகூர்த்த நாள் என்றால் அடுத்த வாரம். நம் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதிப்பேர் அரை வேலி, ஒரு வேலி நிலம் வைத்திருப்பவர்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் குறுவை நடவு முடிகிற வரை ஆள் பிடிக்க முடியாது. தை, மாசியில் சம்பா அறுவடை, அப்போதும் இப்படித்தான். அந்த மாதங்களில் கூட்டத்தைக் காலை பத்திலிருந்து மாலை நாலுக்கு மாற்றிவிடுவோம். பங்குனியில் எங்கள் ஊர்க் கோவிலின் வெண்ணெய்த்தாழித் திருவிழா அன்று கூட்டம் போட்டு, கணக்கு சாரும் நானும் இரண்டே பேராக உட்கார்ந்திருந்த அனுபவமும் உண்டு.

பணம் ஆளுக்கு 20 ரூபாய். டீக்கும் வடைக்கும் போக மீதி ஜெராக்ஸுக்கு. கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி மேசைமேல் திறந்தே வையுங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனாலும் திறந்தே இருக்க வேண்டும்.

எல்லாரும் முப்பது வருடம் பேசியே சம்பளம் வாங்கியவர்கள். விட்டால் ஒரு பீரியட் முழுக்க ஒருவரே எடுப்பார். எங்களிடம் பி.டி. சாரின் விசில் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஆனதும் ஊதிவிடுவார். தமிழ் ஐயாவுக்கு மட்டும் ஏழு நிமிடம், அவர் நமக்கு மனு எழுதித் தருகிறவர்.

முதல் ஒரு மணி நேரம் காகிதத்துக்கு

இதை நான் அடித்துச் சொல்கிறேன். அரசாங்கம் என்ன செய்யப் போகிறது என்ற பேச்சை முதலில் எடுத்தால் மணி பன்னிரண்டாகிவிடும், ஒருவருடைய காரியமும் நடக்காது. முதல் ஒரு மணி நேரம் பி.பி.ஓ.வும், அதாவது ஓய்வூதியம் வழங்கச் சொல்லும் ஆணையும், பாஸ்புக்கும்தான்.

எனக்கே பட்ட அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் காட்டுகிற கருவூல நேர்காணல் முன்பெல்லாம் எல்லாருக்கும் ஒரே பருவத்தில் இருந்தது. பிறகு அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் என்று மாற்றினார்கள். நான் பள்ளியை விட்டு மாலையோடு வெளியே வந்தது 2014 மே 31. ஆகவே என் மாதம் மே என்று நிம்மதியாக இருந்தேன். பிப்ரவரி பிறந்தபோது கணக்கில் பணம் ஏறவில்லை. போய்க் கேட்டால், என் பி.பி.ஓ.வில் ஓய்வு தேதி 2013 நவம்பர் 30. 58 வயது முடிந்தது அன்றைக்குத்தான்; அதற்கப்புறம் கல்வியாண்டு முடிகிற வரை வேலை பார்த்தது மறுநியமனம். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு "கேள்வியை நன்றாகப் படி" என்று சொன்னவள் என் காகிதத்தைப் படிக்கவில்லை. ஆசிரியர்களில் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. வழியனுப்பு விழா நடந்த மாதத்தை விடுங்கள், பி.பி.ஓ.வில் இருக்கிற மாதத்தைப் பாருங்கள். எங்கள் நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே அந்த மாதம் இருக்கிறது. அதற்கு முந்தின கூட்டத்திலேயே பெயர் வாசித்துவிடுவோம்.

நேர்காணலுக்குக் கருவூலம் வரை போக முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து மின்னணு வாழ்நாள் சான்று எடுத்துத் தருகிறார். கட்டணம் 70 ரூபாய். ஆதார், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி நான்கும் கையில் இருக்கட்டும். வயதானால் கைரேகை தேய்ந்து கருவியில் விழாது. சாக்பீஸ் பிடித்த விரல் வேறு. இரண்டு தடவை விழவில்லையென்றால் முகத்தை வைத்துப் பதிவு செய்கிற முறை உண்டு, அதைக் கேளுங்கள். விரலை எச்சில் தொட்டு அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். நேர்காணல் ஏறிவிட்டதா என்பதையும் மாதச் சீட்டையும் களஞ்சியம் செயலியில் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், கடவுச்சொல்லை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.

இனி நான் சொல்லப் போகிறதுதான் இந்தக் கூட்டம் இன்றைக்கும் நடப்பதற்குக் காரணம். டிராயிங் சார் மாதம் தவறாமல் வருவார். டி.ஏ. என்கிற அகவிலைப்படி உயர்வு வந்தால் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுவார். ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவிக்கு அந்த பி.பி.ஓ. எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றே தெரியாது. எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சேர்த்து எழுதிவிட்டிருக்கிறார். பிறந்த தேதி இரண்டு இடத்தில் இரண்டாக இருந்தது. கூட்டுக் கணக்கும் இல்லை. குடும்ப ஓய்வூதியம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதுவரை அந்த அம்மா தம்பி வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்த மனுஷனிடம், "அண்ணியைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வைத்த விதி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மனைவியோ கணவரோ இல்லாமல் தனியாக வந்தால் டீ மட்டும்தான், வடை கிடையாது. விளையாட்டாகத் தொடங்கி இப்போது நிஜமாகவே அப்படித்தான். அன்று அவர்கள் கையில் பி.பி.ஓ.வைக் கொடுத்து, பெயர், பிறந்த தேதி, கூட்டுப் புகைப்படம், குடும்ப ஓய்வூதியத் தொகை இருக்கிற இடங்களை விரல் வைத்துக் காட்டச் சொல்கிறோம். ஆதாரோடு ஓர் எழுத்து மாறினாலும், ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே திருத்தத்துக்கு எழுதிவிட வேண்டும். கல்யாணம் ஆகாத, விதவையான, விவாகரத்தான மகள் வீட்டில் இருந்தால் அவள் பெயரும் ஆவணத்தில் இருக்கட்டும், பிற்பாடு தகுதி பார்க்கும்போது தேவைப்படும். ஓய்வூதியர் இறந்தால் குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து 50,000 ரூபாய் வரும் என்பதும் பல வீடுகளில் தெரியாது. அதற்கான வாரிசு நியமனப் படிவத்தில் இன்னும் செத்துப்போன அம்மாவின் பெயரை வைத்திருக்கிறவர்கள் எங்களிடமே மூன்று பேர் இருந்தார்கள்.

அந்த நோட்டில் இன்னும் இரண்டு தேதிகளை எழுதுங்கள். ஒன்று, ஓய்வூதியத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட கம்யூட்டேஷன் 15 ஆண்டு முடிந்து முழு ஓய்வூதியம் திரும்புகிற மாதம். இன்னொன்று, 80 வயது நிறைகிற மாதம். அதிலிருந்து 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40, இப்படி ஏறி 100இல் முழுத்தொகை இரட்டிப்பாகும். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் இது உண்டு, ஆனால் பிறந்த தேதிக்கு ஆதாரம் பதிவில் இல்லையென்றால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். எழுபதிலேயே 10 சதவீதம் கொடுக்க வேண்டும் என்பது ஓய்வூதியர்களின் வெகுநாள் கோரிக்கை. எனக்கு எழுபது ஆகிவிட்டது, கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக: 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம், அட்டையை எடுத்து வைத்திருங்கள், ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே அது பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் சண்டைதான்.

இரண்டாம் பாதி: என்னவெல்லாம் மாறப் போகிறது

வடை வந்த பிறகு இதை ஆரம்பிப்போம். யார் எந்த வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டுவந்தாலும் தமிழ் ஐயா மூன்று கேள்வி கேட்பார். மத்திய அரசா, மாநில அரசா? 1-4-2003க்கு முன் வேலைக்குச் சேர்ந்த பழைய ஓய்வூதியக்காரர்களுக்கா, பின் சேர்ந்தவர்களுக்கா? அரசாணை எண்ணும் தேதியும் எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆள்.

2025 ஏப்ரலில் இப்படித்தான் ஒருநாள் கூட்டமே கலங்கிவிட்டது. "இனிமே பழைய பென்ஷன்காரங்களுக்கு டி.ஏ. கிடையாதாம்" என்று ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். உண்மையில் அந்த ஆண்டின் நிதிச் சட்டத்தோடு மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைப் பற்றிய ஒரு பகுதியும் நிறைவேறியிருந்தது. ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை வகைபிரிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். அது டி.ஏ.வை நிறுத்தச் சொல்லவில்லை, நேராக நமக்கானதும் இல்லை. ஆனால் கவலையே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். 1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு தேதியை வைத்து ஒரே இன ஓய்வூதியர்களைப் பிரிக்கக் கூடாது என்று சொன்னதைத்தான் நாம் ஆண்டுதோறும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே இடத்தில்தான் இப்போது கை வைக்கிறார்கள். மத்திய அரசின் எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்பிலும், பங்களிப்பில்லாத, அதாவது பணியாளர் பணம் கட்டாத, ஓய்வூதியத்தின் செலவு என்று ஒரு வரி இருக்கிறது. மத்தியில் நடப்பது இங்கே வரக் கொஞ்சம் நாளாகும். ஏழாவது குழுவின் பலன் அங்கே 2016 ஜனவரியிலிருந்து, நமக்குப் பணமாகக் கிடைத்தது 2017 அக்டோபரிலிருந்து. வருவதற்கு நாளாகும் என்பதற்காக, இப்போதே வயிற்றில் புளியைக் கரைக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம் நாசூக்கானது. 1-4-2003க்குப் பிறகு சேர்ந்து ஓய்வு பெற்றவர்களும் இப்போது கூட்டத்துக்கு வருகிறார்கள். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சம்பளத்தில் மாதாமாதம் 10 சதவீதம் கொடுத்து, கடைசியில் சேர்ந்த தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத ஓய்வூதியம் இல்லாமல் வந்தவர்கள். அதே பள்ளி, அதே கரும்பலகை, பக்கத்து வகுப்பு. அவர்களை வைத்துக்கொண்டு டி.ஏ. எத்தனை சதவீதம் ஏறும் என்று நாம் உற்சாகமாகக் கணக்குப் போட்டால் அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஒரு டீச்சர் அப்படி நின்றேவிட்டார். நான் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். 2026 ஜனவரி 3இல், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாகத் தரும் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, அதை முழுக்க வாசிக்கிற வேலையை அந்த டீச்சரிடமே கொடுத்தோம். பணியாளர் பங்கு 10 சதவீதம் தொடரும் என்ற இடத்தில் பழைய திட்டக்காரர்கள் பலர் முகம் மாறியது. தங்களுக்கு எது சும்மா கிடைத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மனு எழுதுவதென்றால் ஒரே பக்கம். மேலே பி.பி.ஓ. எண், கைபேசி எண். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. "பல்லாண்டு கல்விப்பணி ஆற்றிய" என்று தொடங்குகிற பத்தியைத் தமிழ் ஐயாவிடமிருந்தே நான் அடித்துவிடுவேன், அவருக்கு வருத்தம்தான். அனுப்பும்போது விரைவுத் தபால். பழைய பதிவுத் தபால் 2025இல் அதோடு சேர்ந்துவிட்டது. ரசீதை மனுவின் நகலிலேயே ஒட்டிவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஓய்வூதியர் குறைதீர் கூட்டம் நடக்கும்போது திருவாரூருக்கு ஒரே காரில் நாலு பேராகப் போகிறோம். தனியாகப் போனால் காத்திருந்து களைத்து, பாதியில் திரும்பிவிடத் தோன்றும்.

கடைசியாக, வருகைப் பதிவேடு. கேலி செய்வார்கள், செய்யட்டும். எங்கள் பழக்கப்படி வராதவருக்குச் சிவப்பு மையில் 'ஆ'. தொடர்ந்து இரண்டு 'ஆ' விழுந்தால் பி.டி. சார் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். போகும்போது சட்டைப்பையில் அந்தப் பகுதித் தபால்காரரின் எண்ணையும் வாங்கிக்கொண்டுதான் போவார், படுத்திருந்தால் நேர்காணலுக்கு ஆகும் என்று.