பெடல் கயாக் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

துடுப்பும் தூண்டிலும் ஒரே நேரத்தில் கையாண்டு அலுத்தவர்களுக்குத்தான் பெடல் கயாக்கின், அதாவது காலால் மிதித்து ஓட்டும் ஒடுக்கமான சிறு படகின், அருமை தெரியும். மீன் இழுக்கிற நேரம் பார்த்துக் காற்று படகைத் திருப்பும். கை இரண்டும் தூண்டிலில் இருக்கும், துடுப்பு மடியில் கிடக்கும். காலால் மிதித்துப் போகலாம் என்றதும் ஆசை வருவது நியாயம்தான். அந்த ஆசையோடு கடைக்குப் போய் "எது வேகமா போகும்?" என்று கேட்பதில்தான் சறுக்கல் தொடங்குகிறது.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மாதிரி படகு எவ்வளவு வேகம் போகும் என்பதைப் பெரும்பாலும் அதன் நீளமே தீர்மானிக்கிறது. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய உச்ச வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) கிடைக்கும். 10 அடிக்கு 4.2, 12 அடிக்கு 4.6. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் முன்னால் அலைதான் பெரிதாகும், கால்தான் வலிக்கும். எந்த டிரைவ், அதாவது மிதிப்பதைப் படகின் ஓட்டமாக மாற்றும் கருவி, வேகம் என்ற சண்டை பெரும்பாலும் வீண்.

கேட்க வேண்டியது, நாம் போகப்போகிற தண்ணீர் எப்படி என்பதை. டிரைவ் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ். படகுக்கு அடியில் வளையக்கூடிய இரண்டு செட்டைகள், பென்குவின் நீந்துவதுபோல, பக்கவாட்டில் வீசும். பெடல்களை மாறி மாறி முன்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று சைக்கிள் மாதிரி சுற்றி மிதிப்பது. கியர் வழியாக அடியில் ப்ரொப்பெல்லர் சுழலும். ஓல்ட் டவுன் நிறுவனத்தின் பிடிஎல் டிரைவில் பெடல் ஒரு சுற்று வந்தால் ப்ரொப்பெல்லர் 10.3 சுற்று வரும்.

ஆழமான, துப்புரவான தண்ணீரில் இரண்டுமே நன்றாகப் போகும். ஆழம் குறைந்த இடத்தில்தான் குணம் தெரியும். செட்டை டிரைவில் ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளி நிறுத்தினால் செட்டைகள் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிக்கொள்ளும். காலைச் சின்னச் சின்னதாக ஆட்டிக்கொண்டே மேடான இடத்தைத் தாண்டிவிடலாம். ப்ரொப்பெல்லர் அப்படி மடங்காது. படகுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றரை அடி ஆழம் வரை அது தொங்கும். டிரைவைத் தூக்கி வைக்கலாம், ஆனால் தூக்கிவிட்டால் மிதிக்க முடியாது, துடுப்புக்கே திரும்ப வேண்டும்.

பாசி இன்னும் மோசம். நீர்ச்செடி அடர்ந்த ஓர் ஓரத்தில் ஒருமுறை ப்ரொப்பெல்லர் கயாக்கை விட்டுப் பார்த்தேன். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது, செயின் மாட்டிய சைக்கிளை மிதிப்பதுபோல. டிரைவைத் தூக்கினால், தண்டைச் சுற்றி நூல்கண்டு மாதிரி இறுகிய செடி. அதற்குள் யாரோ அறுத்துவிட்ட பழைய தூண்டில் நரம்பு வேறு. கத்தியால் கீறி எடுத்து முடிப்பதற்குள் காற்று என்னை நாணல் புதருக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டது. செட்டையிலும் செடி மாட்டும், ஆனால் நாலு தடவை வேகமாக அடித்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

அப்படியானால் செட்டைதான் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூழ்கிய மரம், பாலத் தூண் இவற்றை ஒட்டி மீன் பிடிப்பவருக்குப் பின்னால் போவது முக்கியம். மாட்டிய மீன் படகையே மரத்துக்குள் இழுக்கும். பின்பக்கமாக மிதித்தால் ப்ரொப்பெல்லர் அந்த நொடியே பின்னால் வாங்கும். பழைய மிராஜ் டிரைவ்களில் இது கிடையாது. பிற்காலத்தில் வந்த மிராஜ் டிரைவ் 180 என்ற மாடலில்தான் ஒரு கயிற்றை இழுத்துச் செட்டைகளைத் திருப்பிக்கொள்ளும் வசதி வந்தது. பிறர் ஓட்டிய பழைய கயாக்கை வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, முதல் நாளே மரத்தில் போய் முட்டிக்கொண்டு வருத்தப்படுகிறார்கள்.

என் கணக்கில் பெரிய தவறு தண்ணீரிலேயே நடப்பதில்லை. அது எடை. விவர அட்டையில் போட்டிருக்கும் எடை பல நேரம் வெறும் படகுக் கூட்டின் எடை. இருக்கையும் டிரைவும் சேரவில்லை. இரண்டும் சேர்ந்தால் 12 அடி பெடல் கயாக் 45, 50 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், பெரியவை 60-க்கும் மேலே போகும். கடையில் இரண்டு பேர் தூக்கிக் கொடுப்பார்கள். விடியற்காலையில் ஈரமான சரிவில் நீங்கள் ஒருவர்தான். கார் கூரை எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் பாருங்கள், படகை வைக்கக் கூரையில் மாட்டும் ரேக்கின் எடையும் அதற்குள் அடக்கம். முடிந்தால் வாங்கும் முன் ஒரு முனையை நீங்களே தனியாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் சக்கர வண்டியோ ட்ரெய்லரோ செலவில் சேர்கிறது; இல்லையென்றால் குட்டைப் படகுக்கு மாறுங்கள். வாசலில் தூசி படிந்து நிற்கும் 14 அடியைவிட வாரம் ஒருமுறை தண்ணீரைப் பார்க்கும் 10 அடி மேல்.

தாங்கும் எடை என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பி நிரப்பக் கூடாது. ஆள், டிரைவ், பேட்டரி, ஐஸ் பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் கூட்டி அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. விளிம்பு வரை ஏற்றினால் படகு அமுங்கி, தண்ணீர் வடிகிற துளைகள் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறி நிற்கும்.

அப்புறம் முழங்கால். ஐந்து நிமிடம் மிதித்துப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். இருக்கையை நகர்த்தி, கால் நீளும்போது முழங்கால் லேசாக மடங்கியே இருக்கும்படி வைத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு மணி நேரம் மிதியுங்கள். சுற்றி மிதிக்கிற வகையில் முழங்கால் அதிகம் மேலே வரும். மூட்டுவலிக்காரர்களுக்குத் தள்ளி மிதிப்பது எளிதாக இருக்கும். சுக்கான் பிடி எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள், ரீல் சுற்றுகிற கையும் அதே பக்கம் என்றால் தினமும் எரிச்சல்தான்.

பெடல் இருக்கிறதே என்று துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. டிரைவ் எங்கேயாவது மாட்டினால் கரை சேர அது ஒன்றுதான் வழி. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கயாக்கை வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்து, நிமிர்த்தி, மேலே ஏறிப் பழகுங்கள். அகலமான படகு கவிழ்வது அரிது; கவிழ்ந்தால் நிமிர்த்துவதும் அதே அளவு சிரமம். அதற்கு முன் டிரைவைக் கயிற்றால் படகோடு கட்டியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை கவிழ்த்தபோது டிரைவின் கொக்கியைச் சரியாகப் பூட்டவில்லை. இரண்டு பேர் முங்கி முங்கித் தேடி, சேற்றிலிருந்துதான் அதை மீட்டோம்.