படத்தில் விழாத விலங்கையும் கணக்கில் எடுப்பது எப்படி

முதல் தடவை கேமரா டிராப், அதாவது முன்னால் ஏதாவது நகர்ந்தால் தானே படம் எடுக்கும் கேமரா, கையில் கிடைத்ததும் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, கண்ணுக்குப் பிடித்த ஒரு மரத்தில் கட்டிவிட்டு "என்னதான் வருதுன்னு பார்ப்போமே" என்று வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போய் எடுத்தால் நாலாயிரம் படம். நூறு படம் போக மற்ற எல்லாவற்றிலும் காற்றில் ஆடும் ஒரே புல். அந்த நூறில் ஒரு முள்ளம்பன்றியின் பின்பக்கம் இருந்தது. சுவாரசியம்தான், ஆனால் அந்தப் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

அதனால் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து உங்கள் கேள்வியை எழுதுங்கள். இந்த விலங்கு இங்கே இருக்கிறதா? எத்தனை இருக்கின்றன? போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறதா? மூன்றும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் மூன்றுக்கும் தேவைப்படும் உழைப்பு வேறு வேறு. முதல் கேள்விக்குச் சில கேமராக்கள் போதும், மூன்றாவதற்கு அதே உழைப்பை அதே முறையில் வருடா வருடம் திரும்பச் செய்ய வேண்டும். கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: பதில் தெரிந்தபின் யார் எதை மாற்றப் போகிறார்கள்? அந்த வரி காலியாக இருந்தால் கேமராவை இன்னும் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.

அடுத்து, அந்த நிலத்தில் அன்றாடம் நடப்பவர்களிடம் பேசுங்கள். இது மரியாதைக்காகச் சொல்வதில்லை, கண்டுபிடிப்பதற்கான வழியே இதுதான். வியட்நாமில் வெள்ளிமுதுகுச் சருகுமான் என்ற ஒரு சிறிய விலங்கு, 1990-க்குப் பிறகு எந்த ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை. ஊர்க்காரர்களையும் வனக்காவலர்களையும் கேட்டபோது சாம்பல் நிறச் சருகுமான் ஒன்று இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அவர்கள் காட்டிய பக்கம் வெறும் மூன்று கேமராவை வைத்ததில் ஐந்து மாதத்தில் 275 படம் விழுந்தது. 2019-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். கேட்காமல் வைத்திருந்தால் முப்பது கேமராவும் வீணாகியிருக்கலாம். அனுமதி வாங்குவதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நிலம் யாருடையதோ அவர்களிடமும், பாதுகாக்கப்பட்ட பகுதியானால் வனத்துறையிடமும் எழுத்தில் வாங்காமல் ஒரு கயிறுகூடக் கட்டாதீர்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். பெரும்பாலான கேமரா டிராப்பில் இருப்பது வெப்பத்தை உணரும் அகச்சிவப்புச் சென்சார். பின்னணியிலிருந்து வெப்பத்தில் மாறுபட்ட ஏதோ ஒன்று முன்னால் நகர்ந்தால் அது விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் அறிவு. இது புரிந்துவிட்டால் மற்ற குறிப்புகள் எல்லாம் தானாக வந்துவிடும். வெயில் ஏறி, பின்னணியின் சூடும் விலங்கின் உடற்சூடும் நெருங்கிவிடும் நேரத்தில் கேமரா அரைத்தூக்கத்தில் இருக்கும். பாம்பு, பல்லி, தவளை போன்றவற்றை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வெயிலில் சூடான இலை ஒன்று ஆடினால் அதையும் விலங்கு என்றே நினைக்கும், என் நாலாயிரம் படத்தின் ரகசியம் அதுதான். எனவே முன்னால் இருக்கும் புல்லையும் தொங்கும் கிளையையும் அளவோடு ஒதுக்குங்கள், லென்ஸைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்பாமல் வடக்கு அல்லது தெற்குப் பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக முகத்தில் அடிக்கும்.

உயரம் முக்கியம். நம் கண் உயரத்தில் கட்டினால் முதுகுதான் தெரியும். சிறுத்தை அளவு விலங்குக்கு முழங்கால் உயரம், அதாவது 40 முதல் 50 சென்டிமீட்டர் சரியாக இருக்கும், புனுகுப்பூனை அளவுக்கு இன்னும் கீழே. தடத்திலிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளி வையுங்கள். ஏதாவது ஒன்று நேராகக் கேமராவை நோக்கி வந்தால் சென்சார் தாமதமாக விழிக்கும், குறுக்கே போனால் உடனே விழிக்கும், அதனால் தடத்துக்குக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பி வைப்பது நல்ல சமரசம். கட்டி முடித்தபின் அதன் முன்னால் நாலுகாலில் தவழ்ந்து பாருங்கள். கேவலமாகத்தான் இருக்கும், ஆனால் சென்சார் எந்த இடத்தில் உங்களைப் பிடிக்கிறது என்று தெரிய வேறு வழியில்லை. உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எறும்பு கூடு கட்டும், யானை பிடுங்கி எறியும், அதற்கெல்லாம் முழு மருந்து கிடையாது.

தேதியும் நேரமும் சரியா என்று இரண்டு முறை பாருங்கள். நான் ஒரு தடவை முற்பகலையும் பிற்பகலையும் மாற்றி வைத்துவிட்டு, இரவில் மட்டுமே உலவும் விலங்கு உச்சி வெயிலில் நடமாடுவதாக இரண்டு நாள் பரவசத்தில் இருந்தேன். படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறதே, அது இரவில் எடுத்ததல்லவா என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது. இப்போதெல்லாம் இட எண், தேதி, நேரம் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நானே முதல் படத்தில் நிற்கிறேன், எடுக்கும்போது கடைசிப் படத்திலும்.

எங்கே வைப்பது என்பதில்தான் அறிவியல் ஆரம்பிக்கிறது. நல்ல படம் வேண்டுமானால் நீர்நிலை ஓரத்தில் வைக்கலாம். இரண்டு காடுகளை ஒப்பிட வேண்டுமானால் அப்படிச் செய்யக் கூடாது, ஏனென்றால் நீங்கள் ஒப்பிடுவது குளத்தையாக இருக்கும், காட்டையாக இருக்காது. வரைபடத்தில் கட்டம் போடுங்கள், கட்டத்தின் அளவை அந்த விலங்கு சுற்றித் திரியும் பரப்பை வைத்து முடிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே விதியைப் பின்பற்றி இடம் தேர்ந்தெடுங்கள். பாதையோரம் என்றால் எல்லாக் கட்டத்திலும் பாதையோரம். ஒன்றில் இரை வைத்து இன்னொன்றில் வைக்காமல் விட்டால் மொத்தமும் போச்சு.

இனிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். கேமராவில் விழவில்லை என்றால் விலங்கு இல்லை என்று அர்த்தமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விலங்கு அந்த இடத்தில் நிச்சயமாக வாழ்கிறது, ஆனால் ஓர் இரவில் கேமரா முன்னால் அது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். 14 இரவு வைத்தால் ஒரு தடவைகூட வராமல் போக நூற்றுக்கு 49 வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிப் போடுவது மாதிரிதான். 30 இரவு வைத்தால் அது 21 ஆகக் குறையும், 60 இரவு வைத்தால் 5-க்கும் கீழே போகும். ஆக 40 இடத்தில் இரண்டு வாரம் கேமரா வைத்து 20 இடத்தில் விலங்கைப் பார்த்துவிட்டு "பாதிக் காட்டில்தான் இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால், உண்மையில் அது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருந்திருக்கலாம். அதை நம்பி மிச்சப் பாதியில் சாலை போட்டுவிடுவார்கள்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, அதுவும் எளிது. ஒவ்வொரு இடத்துக்கும் இரவுவாரியாக, வந்தால் 1, வராவிட்டால் 0 என்று வரிசையாக எழுதுங்கள். கேமரா செத்துப்போன இரவுக்கு 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள், இந்தத் தப்பை அனுபவசாலிகளும் செய்கிறார்கள். விலங்கு வந்த இடங்களில் எத்தனை இரவுக்கு ஒரு முறை வந்தது என்பதிலிருந்து கண்ணில் படும் வாய்ப்பைக் கணித்து, படாமல் போன இடங்களையும் சேர்த்து மதிப்பிடும் முறையை மெக்கென்சி என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 2002-இல் வெளியிட்டார்கள். இன்று அதற்கு இலவச மென்பொருள்கள் உண்டு. உங்களுக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த 1, 0 அட்டவணையையும் உழைப்புக் கணக்கையும் ஒழுங்காக வைத்திருந்தால் தெரிந்தவர் ஒருவர் பிறகு போட்டுத் தருவார். உழைப்பு என்றால் கேமரா-இரவு. பத்துக் கேமரா முப்பது இரவு வைத்தால் 300. இரண்டு கேமரா பத்தாம் இரவோடு நின்றுபோனால் 260.

எத்தனை விலங்கு என்ற கேள்விக்கு இன்னொரு தந்திரம் தேவை. நூறு படம் என்றால் நூறு விலங்கு இல்லை, ஒரே மான் கேமராவுக்கு எதிரே படுத்துக்கொண்டு நூறு படம் கொடுக்கும். தனித்தனியாக அடையாளம் காணக்கூடிய உடற்குறி இருந்தால் நல்லது. முதல் சுற்றில் 20 தனி விலங்குகள், இரண்டாம் சுற்றில் 25, அதில் 10 ஏற்கனவே பார்த்த முகங்கள் என்றால், அங்கே சுமார் 50 இருக்கலாம் என்று கணக்கிடுவார்கள், 20-ஐ 25-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் அந்த எண் வரும். இந்தத் தர்க்கத்தைப் புலியின் வரிகளோடு சேர்த்து 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் செய்து காட்டியவர் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த். அதற்கு முன்பு காலடித் தடத்தை வைத்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் காகிதத்தில் புலி இருந்தது, 2005-இல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள், இடது பக்க வரியும் வலது பக்க வரியும் ஒரே மாதிரி இருக்காது, எனவே தடத்தின் இரு பக்கமும் எதிரெதிராக ஒவ்வொரு கேமரா வேண்டும். நேருக்கு நேர் வைத்து ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றில் அடிக்காமல் சற்று விலக்கி வையுங்கள். கடலில் திமிங்கிலச் சுறாவின் புள்ளிகளை ஒப்பிட, வானியலாளர்கள் நட்சத்திரக் கூட்டங்களைப் பொருத்திப் பார்க்க வைத்திருந்த கணிப்புமுறையையே எடுத்துக்கொண்டார்கள், எனக்கு மிகவும் பிடித்த கடன் இது.

கண்ணுக்குச் சிக்காததைக் காதால் பிடிக்கலாம். தவளை, ஆந்தை, வௌவால், அடர்காட்டுப் பறவைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவிதான் பொருத்தம். ஆடியோமாத் என்ற கருவி உள்ளங்கைக்குள் அடங்கும், மூன்று பேட்டரியில் ஓடும். பறவைக்கு நொடிக்கு 48,000 மாதிரி, அதாவது ஒலியை நொடிக்கு அத்தனை தடவை அளந்து பதிவது, போதும். வௌவாலின் குரல் நமக்குக் கேட்காத உயரத்தில் இருப்பதால், பிடிக்க வேண்டிய அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் வைக்க வேண்டும், 100 கிலோஹெர்ட்ஸில் கத்துகிற வௌவாலுக்கு நொடிக்கு 2,00,000-க்கு மேல். ஆனால் மெமரி கார்டு நிரம்பும் வேகத்தைப் பாருங்கள். 48,000-இல் தொடர்ந்து பதிவு செய்தால் ஒரு நாளைக்கு எட்டு ஜிபிக்கும் மேல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்றோ, விடியலும் அந்தியும் மட்டும் என்றோ வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

தண்ணீரில் கரைந்து கிடக்கும் டி.என்.ஏ. இன்னொரு வழி. விலங்கு உதிர்த்த தோலும் எச்சமும் நீரில் கலந்திருக்கும், அதை வடிகட்டி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 2008-இல் பிரான்சின் குளங்களில் அமெரிக்கக் காளைத் தவளையை இப்படிக் கண்டுபிடித்ததிலிருந்து இது பரவியது. இடத்துக்கு இடம் கையுறை மாற்றுங்கள், ஓடையில் கீழிருந்து மேலாகப் போங்கள், சுத்தமான நீரையும் ஒரு மாதிரியாக அதே முறையில் வடிகட்டுங்கள். அந்த வெற்று மாதிரியில் மீன் வந்தால் உங்கள் கை அழுக்கு என்று அர்த்தம். அந்த விலங்கு சில நாட்களுக்குள் இந்த நீரோடு தொடர்பில் இருந்தது என்பதுதான் கிடைக்கும் பதில், எத்தனை என்பது இதில் வராது.

படங்களைப் பிரிக்க இன்று ஏ.ஐ. உதவும். மெகாடிடெக்டர் என்ற இலவசக் கருவி படத்தில் விலங்கா, மனிதரா, வண்டியா என்று மட்டும் சொல்லும், இனத்தின் பெயரைச் சொல்லாது. காலிப் படங்களை ஒதுக்க அதுவே போதும், என் புல்லெல்லாம் ஒரே இரவில் போய்விட்டிருக்கும். பறவைக் குரலுக்கு, கேட்டு இனத்தைச் சொல்லும் பேர்ட்நெட் என்ற கருவி இருக்கிறது. அது 0.9 என்று மதிப்பெண் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று நினைக்காதீர்கள், அந்த எண் இனத்துக்கு இனம் வேறு பொருள் தரும். ஒவ்வொரு இனத்திலும் ஒரு ஐம்பது துண்டையாவது நீங்களே கேட்டு, எத்தனை சரி என்று எண்ணி, அதன்பிறகு எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று எல்லைக்கோடு போடுங்கள். ஏ.ஐ.-யைப் பழக்கிய படங்களிலும் ஒலிகளிலும் அதிகம் இல்லாத அரிய விலங்கில்தான் இந்தக் கருவிகள் தடுமாறும், நமக்கு வேண்டியதும் பெரும்பாலும் அந்த அரிய விலங்குதான்.

கேமராவில் மனிதரும் விழுவார்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகப் பக்கம் விறகெடுக்கப் போகும் பெண்கள், கேமராக்களுக்குப் பயந்து, விலங்குகளை விரட்டப் பாடும் பாட்டைக்கூட அடக்கி வாசிக்கிறார்கள் என்று 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. கேமரா எங்கே இருக்கிறது, எதற்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், மனிதர் படங்களைப் பார்க்காமலே அழித்துவிடும் விதியை எழுதி வையுங்கள். இருப்பிடத் தகவலையும் அப்படியே காக்க வேண்டும். சீனாவின் ஒரு குகைப்பல்லி இனம் 1999-இல் அறிவியலில் பதிவானதும், கட்டுரையில் இருந்த இடத்தைப் பார்த்தே வியாபாரிகள் போய் அள்ளிவிட்டார்கள். படத்தைப் பகிரும் முன் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் எண்ணை நீக்குங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் பாறையோ பாலமோ இருந்தால் அதையும் வெட்டுங்கள்.

கடைசியாக கார்டுகள். இந்தோனேசியாவின் சைக்ளோப்ஸ் மலையில் 2023-இல் ஒரு குழு எண்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களை வைத்து, 1961-க்குப் பிறகு பதிவே இல்லாத நீள்மூக்கு எக்கிட்னாவைத் தேடியது. முட்டையிடும் பாலூட்டி அது. நான்கு வாரம் ஏறி இறங்கியும் ஒன்றும் இல்லை. கிளம்ப வேண்டிய கடைசி நாளில், கடைசி கார்டின் கடைசிப் படங்களில் அது நடந்து போனது. எனவே "இதில் ஒன்றும் இருக்காது" என்று காட்டிலேயே உட்கார்ந்து எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள். உறையில் போட்டு இட எண் எழுதுங்கள், வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், இரண்டு நகலும் திறக்கிறதா என்று பார்த்தபின் ஃபார்மேட் செய்யுங்கள்.