சீசன் சரக்கை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது? கிடங்குத் திட்டமிடலுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

எத்தனை கிடங்கு வேண்டும் என்பதை ஒரு துறை முடிவு செய்கிறது, எவ்வளவு சரக்கு வாங்க வேண்டும் என்பதை இன்னொரு துறை. பல நிறுவனங்களில் நடப்பது இதுதான். வருடம் முழுக்கச் சீராக விற்கும் பொருளுக்கு இப்படி எப்படியோ ஓட்டிவிடலாம். சீசன் பொருளுக்கு முடியாது. கிடங்கு கூடினால் வைக்க வேண்டிய இருப்பும் கூடும். சரக்கைச் சீக்கிரம் பிரித்து அனுப்பிவிட்டால் ஒரு கிடங்கில் தேங்கும், இன்னொன்றில் தீர்ந்துபோகும். எங்கே, எவ்வளவு, எப்போது ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத்தான் பதில் தேட வேண்டும்.

அதற்கு எக்செல் தெரிந்தால் போதும். குடை விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் குடைக் கணக்கின் எண்கள் எல்லாம் முறை புரிவதற்காகப் போட்டவை.

படி 1: பழைய விற்பனைக் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்

குறைந்தது மூன்று வருட விற்பனையை மாதவாரியாக, பகுதிவாரியாக எடுங்கள். பில் போட்ட கிடங்கை வைத்துப் பிரிக்காதீர்கள், வாடிக்கையாளர் இருக்கும் இடத்தை வைத்துப் பிரியுங்கள். இல்லாவிட்டால் இன்றைய கிடங்கு அமைப்பில் உள்ள கோளாறு அப்படியே புதிய திட்டத்துக்குள்ளும் வந்துவிடும்.

இந்தப் படியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஸ்டாக் தீர்ந்துபோன வாரத்தில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும். அந்த வாரம் யாரும் குடை கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, கேட்டவர்களுக்குக் கொடுக்கக் குடை இல்லை. இருப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்களைக் குறியுங்கள். அந்த நாட்களுக்கு, முன்னும் பின்னும் சரக்கு இருந்த நாட்களின் விற்பனையைக் கொண்டு ஒரு மதிப்பீடு போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், போன வருடம் எங்கே தட்டுப்பாடு வந்ததோ அங்கேயே இந்த வருடமும் குறைவாக அனுப்புவீர்கள். தள்ளுபடி வாரங்கள், திரும்ப வராத மொத்த ஆர்டர்கள் இவற்றையும் தனியே எடுத்து வையுங்கள்.

படி 2: சீசன் குறியீட்டைக் கணக்கிடுங்கள்

ஒரு மாத விற்பனையை அந்த வருடத்தின் மாதச் சராசரியால் வகுத்தால் அந்த மாதத்தின் குறியீடு கிடைக்கும். ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக இதைப் போட்டுவிட்டு, அப்புறம் மூன்று வருடங்களின் சராசரி எடுங்கள். அப்போதுதான் வருடாவருடம் வரும் வளர்ச்சி குறியீட்டுக்குள் கலக்காது. பன்னிரண்டு குறியீடுகளையும் கூட்டினால் 12 வர வேண்டும்.

நம் குடைக்கு மூன்று சீசன் மாதங்களின் குறியீடு 1.8, 2.6, 2.1 என்று வைப்போம். மீதி ஒன்பது மாதங்களும் ஏறத்தாழ 0.61. அடுத்த வருட விற்பனை 13,200 என்று எதிர்பார்த்தால் மாதச் சராசரி 1,100. சீசன் மாதங்களுக்கு முறையே 1,980, 2,860, 2,310, மொத்தம் 7,150. வருட விற்பனையில் பாதிக்கு மேல் மூன்றே மாதங்களில்!

வளர்ச்சியையும் சீசனையும் ஒன்றாகப் புதுப்பித்துக்கொண்டே போக 1957இல் ஹோல்ட் தொடங்கி 1960இல் விண்டர்ஸ் விரிவாக்கிய ஹோல்ட்-விண்டர்ஸ் முறை இருக்கிறது. தொடக்கத்துக்கு மேலே சொன்ன எளிய கணக்கே போதும்.

படி 3: சீசனுக்கு மொத்தம் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள்

7,150 என்பது வெறும் மதிப்பீடு. அதையே அப்படியே ஆர்டர் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு செலவுகளைக் கேளுங்கள். ஒரு குடை இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப்போனால் எவ்வளவு லாபம் போகும்? ஒரு குடை மிஞ்சினால் எவ்வளவு நஷ்டம்? முதலாவது 60, இரண்டாவது 20 என்றால், 60ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 80ஆல் வகுக்க 0.75 வரும். அதாவது நூற்றில் 75 தடவை தேவையைத் தாங்கும் அளவுக்கு வாங்குவது லாபம்.

கடந்த சீசன்களில் உங்கள் மதிப்பீடு எவ்வளவு பிசகியது என்று பார்த்து, அந்தப் பிசகின் திட்ட விலக்கத்தை, அதாவது பிசகு வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவை, எடுங்கள். அது 1,000 என்றால், 0.75க்கு உரிய பெருக்கல் எண் 0.67 (இயல்நிலைப் பரவல் அட்டவணையில் கிடைக்கும்). எனவே 7,150 + 670 = 7,820.

செலவுகள் தலைகீழாக, அதாவது லாபம் 20, மிஞ்சினால் நஷ்டம் 60 என்று இருந்தால், மதிப்பீட்டைவிடக் குறைத்து 6,480 வாங்குவதுதான் சரி. ஆண்டு அச்சிட்ட டைரி போன்ற பொருளுக்கு இப்படித்தான் வரும். குடையை அடுத்த சீசனுக்கும் விற்கலாம், அதில் முடங்கும் பணத்துக்கான வட்டியும் கிடங்குச் செலவும்தான் நஷ்டம். பொருளுக்குப் பொருள் இந்தக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் கூட்டி வாங்கும் பழக்கத்தால் வீணாகும் பணம் மிக அதிகம்.

படி 4: எப்போதிலிருந்து சேர்ப்பது?

சப்ளையரால் மாதம் 1,500 குடைதான் தர முடியும் என்று வைப்போம். கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்றாம் மாதத்தில் 810 குறைகிறது, இரண்டாம் மாதத்தில் 1,360, முதல் மாதத்தில் 480. மொத்தம் 2,650. படி 3இல் கூட்டிய 670ஐயும் சேர்த்தால், சீசன் தொடங்கும் நாளில் 3,320 குடை கையில் இருக்க வேண்டும். சீசன் இல்லாத மாதத்தில் விற்பது சுமார் 670, ஆக மாதம் 830 சேர்க்கலாம். 3,320ஐ 830ஆல் வகுத்தால் நான்கு மாதம். அதற்கும் முன்னால் சப்ளையரின் லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் வரையான காலம், இருக்கிறது, முதல் ஆர்டர் அந்த அளவுக்கு முன்கூட்டியே போக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிடங்கில் சரக்கு உச்சத்தில் இருப்பது சீசனுக்கு முந்தைய நாள். ஆனால் பேக்கிங், லோடிங் வேலை உச்சத்துக்கு வருவது இரண்டாம் மாதத்தில். இடமும் ஆளும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. ஒரு பேலட்டில் (சரக்கை அடுக்கி வைக்கும் தட்டு) 100 குடை என்றால் 34 பேலட். ரேக்கை நூறு சதவீதம் நிரப்பினால் எதையும் நகர்த்த முடியாது, 85 சதவீதம் வரை நிரப்புவதாகக் கொண்டால் 40 பேலட்டுக்கு இடம் வேண்டும். இந்த உச்சத்துக்காக வருடம் முழுக்க வாடகை கட்டாதீர்கள். சாதாரண மாதங்களுக்கு ஏற்ற நிரந்தர இடம், உச்சத்துக்குச் சில மாதத் தற்காலிக இடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

படி 5: கிடங்கு எத்தனை?

கிடங்கைப் பிரித்தால் இருப்பு ஏன் கூடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் வாராந்திர மதிப்பீட்டுப் பிசகு 60, லீட் டைம் 4 வாரம், 95 சதவீதப் பாதுகாப்பு. 95 சதவீதத்துக்கு உரிய பெருக்கல் எண் 1.65. 1.65 × 60 × 2 (அதாவது 4 வாரத்தின் வர்க்கமூலம்) என்றால் ஒரு பகுதிக்குச் சுமார் 200 சேஃப்டி ஸ்டாக் (மதிப்பீடு பிசகினால் சமாளிக்க வைக்கும் கூடுதல் இருப்பு), நான்குக்கும் 800. எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் வைத்தால் பிசகு 240 ஆகாது. ஒரு பகுதி கூட, இன்னொரு பகுதி குறைய, கூட்டுப் பிசகு 120தான் (60 × நான்கு பகுதிகளின் வர்க்கமூலமான 2). சேஃப்டி ஸ்டாக் 400 போதும். கிடங்கு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப சேஃப்டி ஸ்டாக் கூடும் என்ற விதி இதிலிருந்து வருவது.

ஆனால் பகுதிகள் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும்போதுதான் இந்த விதி செல்லும். மழை எல்லாப் பகுதியிலும் ஒரே வாரத்தில் பெய்தால் எல்லா இடத்திலும் ஒன்றாகத் தட்டுப்பாடு வரும், ஒன்றாக வைத்ததில் கிடைக்கும் மிச்சம் சுருங்கிவிடும். பகுதிக்குப் பகுதி சீசன் தள்ளித் தள்ளி வந்தால் பொதுக் கிடங்கின் பலன் இன்னும் பெரிது. படி 1இல் பகுதிவாரியாகப் பிரித்த தரவு இதைப் பார்க்கத்தான்.

இன்னொன்று: பிசகு என்று நான் சொல்வது மதிப்பீட்டுக்கும் உண்மை விற்பனைக்கும் உள்ள வித்தியாசம். வருட விற்பனையின் ஏற்ற இறக்கத்தையே திட்ட விலக்கமாகப் போட்டால், நமக்கு ஏற்கெனவே தெரிந்த சீசனும் அதில் சேர்ந்து, தேவையில்லாமல் சரக்குக் குவியும்.

இப்போது மொத்தச் செலவு. ஒரே கிடங்கின் செலவை 100 என்று கொண்டு ஒப்பிடுவோம்.

ஒரு கிடங்கு: டெலிவரி 60, உள்வரும் லாரி 15, வாடகையும் ஆளும் 15, இருப்பு 10. மொத்தம் 100.
இரண்டு கிடங்கு: 42, 18, 22, 14. மொத்தம் 96.
நான்கு கிடங்கு: 30, 24, 34, 20. மொத்தம் 108.

டெலிவரிச் செலவு மட்டும் கண்ணில் பட்டால் நான்குதான் கவர்ச்சியாகத் தெரியும். மொத்தத்தில் இரண்டு வெல்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் நான்கே புள்ளி என்பதால், எத்தனை நாளில் டெலிவரி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவு எடுக்கலாம்.

படி 6: எங்கே?

வாடிக்கையாளர் மையங்களை வரைபடத்தில் ஆயத்தொலைவுகளாகக் குறியுங்கள். (10, 20) என்ற இடத்தில் 500 லோடு, (40, 60)இல் 300, (70, 30)இல் 200 என்றால், லோடு அளவுக்கு ஏற்ப எடையிட்ட சராசரி (31, 34). இது தொடக்கப் புள்ளிதான். இந்தச் சராசரி தூரத்தின் வர்க்கத்தைக் குறைப்பதால் தொலைவில் இருக்கும் வாடிக்கையாளர் பக்கம் சற்று அதிகமாகச் சாயும். தூரத்தையே குறைக்க, 1937இல் வைஸ்ஃபெல்ட் தந்த திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறை இருக்கிறது. எப்படியும் அந்தப் புள்ளியில் ஏரியோ மலையோ இருக்கலாம். அதைச் சுற்றி நெடுஞ்சாலை, ஆள் கிடைப்பது, வாடகை ஆகியவற்றைப் பார்த்து மூன்று நான்கு உண்மையான இடங்களைத் தேர்ந்து, சாலை வழித் தூரத்தை வைத்துப் படி 5இன் கணக்கை மறுபடி ஓட்டுங்கள்.

படி 7: ஒரேயடியாக அனுப்பாதீர்கள்

என்னைக் கேட்டால் சீசன் திட்டமிடலில் இதுதான் மிக முக்கியமான படி. சேர்த்து வைத்த 3,320 குடையையும் சீசன் தொடங்கும் முன்பே கிடங்குகளுக்குப் பிரித்து அனுப்பிவிடும் ஆசை வரும், மெயின் கிடங்கு காலியாவதும் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் நம்மிடம் தகவல் மிகக் குறைவு. அமெரிக்காவில் பனிச்சறுக்கு உடை விற்கும் ஸ்போர்ட் ஓபர்மெயர் நிறுவனத்தில், சீசனின் முதல் 20 சதவீத ஆர்டர்கள் வந்ததுமே மதிப்பீடு வெகுவாகத் துல்லியமானது. கொஞ்சம் காத்திருந்தால் அவ்வளவு தெரியும்.

அதனால் முதலில் பாதி அளவை மட்டும் பகுதிக் கிடங்குகளுக்கு அனுப்புங்கள், மீதியை மெயின் கிடங்கில் பிரிக்காமல் வைத்திருங்கள். முதல் இரண்டு வார விற்பனை வந்ததும், எந்தப் பகுதி எதிர்பார்ப்பைத் தாண்டுகிறதோ அங்கே அனுப்புங்கள். மெயின் கிடங்கிலிருந்து பகுதிக்குச் சரக்கு போய்ச்சேர மூன்று நாள் என்றால் இது அருமையாக வேலை செய்யும். மூன்று வாரம் என்றால் முதல் பங்கைப் பெரிதாக்க வேண்டும்.

படி 8: நிறுத்தும் தேதி

சீசன் முடியும் நாளிலிருந்து லீட் டைமைக் கழியுங்கள். அதுதான் சப்ளையருக்குக் கடைசி ஆர்டர் தேதி. அதற்குப் பிறகு ஸ்டாக் தீர்ந்தாலும் ஆர்டர் போடாதீர்கள், அந்தச் சரக்கு சீசன் முடிந்த பிறகுதான் வந்து சேரும். பகுதிகளில் மிஞ்சியதைத் திரும்ப எடுப்பதற்கு முன், ஒரு குடையைக் கொண்டுவரும் லாரிச் செலவையும், அங்கேயே தள்ளுபடியில் விற்றால் குறையும் பணத்தையும் ஒப்பிடுங்கள். எது குறைவோ அதைச் செய்துவிட்டு, தற்காலிக இடத்தை வாடகைக் கெடு முடியும் முன் காலி செய்யுங்கள்.