ஸ்வாப்பில் 'குறைந்தபட்சத் தொகை' எங்கே தப்பிப்போகிறது?

இலங்கையின் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது தராசில் 20 கிலோ விழுந்தாலும் கணக்கில் 20 ஏறாது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்ததுதான் பேரில் விழும். அதனால் அம்மா தராசைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதே இல்லை. டெக்ஸில், அதாவது இடைத்தரகர் இல்லாத கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில், ஸ்வாப் செய்யும் (ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும்) நம் பிள்ளைகள் பலர் தராசை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

பூலில் (ஸ்வாப்புக்காக இரண்டு டோக்கன்களைச் சேர்த்துவைத்திருக்கும் இருப்பில்) 1,00,000 யூஎஸ்டிடியும் (டாலரோடு கட்டிய டோக்கன்) 50 ஈதரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஈதர் 2,000. 1,000 யூஎஸ்டிடி போட்டால் 0.5 ஈதர், அதில் 0.5 சதவீதம் ஸ்லிப்பேஜ் (விலை அசைந்தால் பொறுத்துக்கொள்ளும் அளவு) விட்டு 0.4975 குறைந்தபட்சம், அதற்குக் கீழே என்றால் ஸ்வாப் வேண்டாம் என்று போடுகிறார்கள். அது கிடைக்கவே கிடைக்காது. யூனிஸ்வாப் என்ற டெக்ஸின் இரண்டாம் பதிப்பு (வி2) மாதிரிப் பூலில் 0.3 சதவீதக் கட்டணம் உள்ளே போகும் தொகையிலேயே கழிகிறது. கணக்குக்கு வருவது 997தான்: 997 × 50 ÷ 1,00,997 = 0.4936. சந்தை அசையாமல் நின்றாலும் பரிவர்த்தனை ரத்தாகும், பிளாக்செயினுக்குக் கட்டும் கேஸ் கட்டணம் மட்டும் கையை விட்டுப் போகும். இந்த இழப்பில் கட்டணத்தின் பங்கு கால்வாசிகூட இல்லை. மிச்சம், சின்னப் பூலில் நாம் வாங்குவதே விலையை ஏற்றிவிடுவதால் வருவது. 0.4936இல் இருந்து 0.5 சதவீதம் விட்டு, 0.4911 என்று போட்டிருக்க வேண்டும்.

ரத்தானதும் எரிச்சலில் ஸ்லிப்பேஜை 10 சதவீதத்துக்கு ஏற்றுவதுதான் இதைவிட மோசம். காத்திருக்கும் பரிவர்த்தனைகளை நோட்டமிடும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) நமக்கு முன்னே வாங்கி, நம் வாங்குதலால் விலை ஏறியதும் விற்றுவிடும். நமக்கு விழுவது நாமே எழுதிய அடிமட்டத் தொகைக்குப் பக்கத்தில். குறைந்தபட்சத்தைப் பூச்சியம் என்று வைப்பது வெறும் தாளில் கைநாட்டு வைப்பது மாதிரி.

சொந்தமாக நிரல் எழுதும் தம்பிகள் வேறு விதமாகச் சறுக்குகிறார்கள். வி2 ரவுட்டர் (ஸ்வாப்பைப் பூலுக்குக் கொண்டுபோகும் நிரல்) தரும் கணிப்பில் கட்டணம் ஏற்கெனவே கழிந்திருக்கும். அதில் இன்னொரு முறை 0.3 கழித்தால் குறைந்தபட்சம் தேவையில்லாமல் இறங்கும். எல்லாப் பூலுக்கும் 0.3 என்று எழுதிவைப்பதும் சரிவராது. வி3இல் 0.01, 0.05, 0.3, 1 சதவீதம் என்று படிகள் உண்டு. இரண்டு பூல் தாண்டிப் போகும் ஸ்வாப்பில் கட்டணம் இரண்டு தடவை: 0.997 × 0.997, அதாவது கிட்டத்தட்ட 0.6 சதவீதம்.

அப்புறம், கைமாறும்போது தானே வரி பிடிக்கும் டோக்கன்கள் இருக்கின்றன. பூலின் கணிப்புக்கு அந்த வரி தெரியாது. 5 சதவீதம் பிடிக்கும் டோக்கனை வாங்கும்போது குறைந்தபட்சத்திலும் அந்த 5ஐக் கழித்தே ஆக வேண்டும். வி2 ரவுட்டரில் இதற்கென்றே தனி ஃபங்ஷன் உண்டு. முதலில் சின்னத் தொகைக்கு வாங்கி, திரும்ப விற்றும் பாருங்கள். சில டோக்கன்களில் விற்கும்போது பிடிக்கும் வரி வேறு.